எக்ஸ்ரே ஐயங்கார்

ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் அழகியமணவாளன் என்று விசாரித்தால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். அதனால் ஊர் இவருக்கு எக்ஸ்ரே ஐயங்கார் என்று தனியாக ஒரு பேர் வைத்துவிட்டது. திருச்சினாப்பள்ளிக் கோட்டைக்குப் பக்கத்தில், தெப்பக்குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஜவுளி வியாபாரிகள் சிலர் கமிட்டி போட்டு நடத்திய தர்ம ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. 1922இல் அங்கே எக்ஸ்ரே மெஷின் கப்பலில் வந்து இறங்கியபோது அதைத் தொடவே எல்லாருக்கும் பயம். இவர் காலேஜ் சோதனைச்சாலையில் பாட்டரி, செப்புக் கம்பிச் சுருள் என்று புழங்கியவர். ஐயங்காரைக் கூப்பிடுங்கள் என்றார்கள். போனவர் பதினாறு வருஷம் அந்த இருட்டறையிலேயே இருந்துவிட்டார்.

காலையில் தீர்த்தமாடி, திருமண் இட்டுக்கொண்டு, மனைவி கமலவல்லி தூக்கில் கட்டித் தரும் தயிர்சாதத்தை வாங்கிக்கொண்டு கிளம்புவார். மழை நாளில் ஜட்கா, மற்ற நாளில் பஸ். கமிட்டிக்காரர்கள் வாசலில் காரை நிறுத்துவதற்கு முன்னால் அவர் இருட்டறைக்குள் போயிருப்பார்.

முதல் வேலை மெஷினைச் சோதிப்பது. கண்ணாடிக் குழாய் ஒரு நாள் போல ஒரு நாள் வேலை செய்யாது. கதிர் பலமாக வருகிறதா, சோனியாக வருகிறதா என்று பார்க்க அவருக்குத் தெரிந்த கருவி ஒன்றுதான். வலது கை சுவிட்சில் இருக்கும். இடது கையைக் குழாய்க்கும் திரைக்கும் நடுவே நீட்டுவார். திரை பச்சையாக ஒளிரும். அதில் சதை சாம்பலாகவும் எலும்பு கறுப்பாகவும் கணுக்கணுவாகத் தெரிந்தால் மெஷின் சரி. நோயாளி மாற மாற, ஒரு நாளைக்கு அஞ்சு தடவை, ஆறு தடவை நீட்டுவார். கை சுடவில்லை, குத்தவில்லை. வெயிலில் நின்றால்கூட உடம்பு சொல்லும். இது ஒன்றுமே சொல்லவில்லை.

இரண்டாம் வருஷம் இடது புறங்கையில் ரோமம் உதிர்ந்தது. அப்புறம் தோல் வழவழவென்று மெலிந்து, வெந்நீர் பட்டால் சிவந்தது. நகங்களில் நெடுக்காகக் கோடு விழுந்து, ஓரம் ஓரமாக ஒடிந்தது. மார்கழிக் குளிரில் விரல் மடிப்புகள் வெடிக்கும். கமலவல்லி விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தடவுவாள். 1935வாக்கில் விரல்மேல் மிளகு மாதிரி கெட்டி மருக்கள் வந்தன. அவர் அவற்றைச் சவரக்கத்தியால் சீவிவிட்டு வேலைக்குப் போனார். 1938 பங்குனியில் மோதிர விரலின் இரண்டாம் கணுவில் ஒரு புண் வந்தது. அது ஆறவே இல்லை.

சித்திரையும் போயிற்று. வைகாசியும் போயிற்று. வேப்பிலை அரைத்துப் போட்டாள், குங்கிலிய வெண்ணெய் போட்டாள். புண்ணின் ஓரம் மட்டும் கல் மாதிரி தடித்துக்கொண்டே வந்தது. வலியில் அவர் சாத்துமுது சாதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“ஏன்னா, டாக்டர்கள் நடுவுலதானே இருக்கேள். ஒருத்தர்கிட்ட காட்டப்படாதா?”

“காட்டினா மெஷினைத் தொடாதேம்பா. வேற யாருக்குத் தெரியும் அதை ஓட்ட?”

விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் கோவிலுக்கும் போனார். ஏகாதசிதோறும் பிரபந்த கோஷ்டியில் அவருக்குப் பக்கத்தில் நிற்பவர் எதிர்வீட்டு சௌரிராஜன். இருபது வருஷமாகத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சேவித்தவர்கள். ஆனி மாத ஏகாதசியன்று சௌரிராஜன் இரண்டடி தள்ளி நின்றார். அடுத்த ஏகாதசிக்கு வேறு வரிசைக்கே போய்விட்டார். தீர்த்தம் சாதிக்கிறவர் உத்தரணியை முழ உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து இவர் கையில் விட்டார். பாதி தரையில் சிந்தியது.

யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. மன்னார்குடியிலிருந்து கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது. மகள் செண்பகவல்லிக்கு அங்கே ஒரு வரன் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. ஆவணியில் நிச்சயதார்த்தம் என்று பேச்சு. ‘தங்கள் திருமேனிக்கு ஏற்பட்டிருக்கும் வியாதியைப் பற்றிக் கேள்விப்பட்டோம். எங்கள் குலத்தில் அம்மாதிரி இல்லை’ என்று இரண்டே வரி.

கமலவல்லி கடிதத்தைக் கையில் பிடித்தபடி எதிர்வீட்டுக்குப் போனாள். சௌரிராஜன் முற்றத்தில் வேஷ்டி உலர்த்திக்கொண்டிருந்தார்.

“மன்னார்குடிக்கு யார் எழுதினா?”

“நான் எழுதலை, கமலம். கேட்டு எழுதியிருந்தா. பொய் சொல்லச் சொல்றயா?”

“என்னன்னு பதில் போட்டேள்?”

அவர் வேஷ்டி நுனியை நீவிக்கொண்டே இருந்தார். “விரல் அழுகறது. நகம் விழறது. அதுக்குப் பேர் என்னன்னு உனக்கே தெரியும். கொழந்தைகள் இருக்கற தெரு இது.”

“குஷ்டம்னு எழுதினேளா?”

“சந்தேகம்னு எழுதினேன்.”

அவள் திரும்பி வந்தாள். அடுக்களையில் செண்பகவல்லி அரிசி களைந்துகொண்டிருந்தாள். பதினேழு வயது. அம்மா முகத்தைப் பார்த்தாள். களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள்.

மறுநாள் கமலவல்லி புருஷனோடு கிளம்பிவிட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஆஸ்பத்திரிப் படி ஏறாதவள். “நீங்க காட்டலேன்னா நான் காட்டறேன்” என்றாள். பாலத்தில் பஸ் போகும்போது அவர் காவேரியையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆடித் தண்ணீர் செம்மண் நிறத்தில் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

சர்ஜன் அருள்நாதன் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பாளையங்கோட்டைக்காரர். துணியைப் பிரித்துக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்ற விரல்களையும் பார்த்தார். ஊசியால் குத்தி “தெரியுதா?” என்று கேட்டார். கையை உதறினார் ஐயங்கார்.

“குஷ்டம் இல்லம்மா. அதுல உணர்ச்சி மரத்துப்போகும். சாருக்கு எல்லா இடத்துலயும் உணர்ச்சி இருக்கு” என்றார் டாக்டர். கமலவல்லி சுவரில் சாய்ந்துகொண்டாள். டாக்டர் அவள் பக்கம் பார்க்காமல், “ஐயங்கார் சார், மெஷினை எப்படிச் சோதிக்கிறீங்க?” என்று கேட்டார்.

அவர் கையை நீட்டிக் காட்டினார்.

“எத்தனை வருசமா?”

“பதினாறு.”

டாக்டர் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார். “வெயில் தோலோட நின்னுடும். இது அப்படி இல்ல. உள்ள புகுந்து போகுது. போற வழியில, புதுசா தோல் முளைக்கிற இடத்தையே கெடுத்துட்டுப் போயிடுது. அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. கெட்ட இடம் கெட்டதாவே வளர்ந்து வளர்ந்து, பத்து வருசம், பதினஞ்சு வருசம் கழிச்சு இப்படி வரும். சீமையில இந்த மெஷினோட இருந்தவங்க நிறையப் பேருக்கு வந்திருக்கு. எனக்கு இது புத்துநோய் மாதிரி படுது. ஒரு துணுக்கு வெட்டி மெட்ராஸுக்கு அனுப்பறேன்.”

“நான் பாத்ததெல்லாம் எலும்புதான்” என்றார் ஐயங்கார். தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல இருந்தது.

மெட்ராஸிலிருந்து பதில் வரப் பதினெட்டு நாள் ஆயிற்று. புற்றுதான். மணிக்கட்டுக்கு மேலே நாலு விரற்கடையில் கையை எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் அக்குளுக்கு ஏறிவிடும் என்றார் டாக்டர்.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆவணி முழுக்க வீட்டில் அதே பேச்சு.

“பெருமாள் கொடுத்த சரீரம். முழுசா எடுத்துண்டு போறேன்.”

“முழுசாவா இருக்கு இப்போ?” என்றாள் கமலவல்லி. மோர் கடைந்துகொண்டிருந்தவள் மத்தை நிறுத்தவில்லை.

“கை போனா ஊர் என்ன சொல்லும்? குஷ்டம்னு சொன்னது நெஜம்தான், அழுகி விழுந்துடுத்தும்பா. செண்பாவுக்கு இன்னொரு வரன் வருமா?”

“வராட்டா போறது. அவளுக்கு அப்பா இருப்பார்.”

“டாக்டர் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தா, அதை வெச்சுண்டு...”

“கேட்டுப் பாருங்கோ.”

கேட்டார். டாக்டர் எழுதத் தயாராக இருந்தார். ஆஸ்பத்திரி செக்ரட்டரிதான் தடுத்தார். நல்ல மனுஷர், வெற்றிலைச் சிவப்பேறிய வாய், எதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். “எக்ஸ்ரேயால கை போச்சுன்னு ஆஸ்பத்திரி காகிதத்துல எழுதினா நாளைக்கு எவன் படம் எடுத்துக்க வருவான்? ஜனங்க ஏற்கெனவே பயந்து சாகறாங்க. உங்க சம்பளத்தை நிறுத்த மாட்டோம் சாமி. பேசாம ஓய்வெடுங்க. மெஷினை அந்த ஆயாம்மா பாத்துக்கும். பழகின ஆள்தானே.”

ஆயாம்மா என்றது ஷரபுன்னிசாவை. பாலக்கரையிலிருந்து நடந்தே வருகிற, முப்பத்தைந்து வயதுப் பெண். புருஷன் பீடிக் கம்பெனியில் இருமி இருமிச் செத்தவன். ஒன்பது வருஷமாக இருட்டறையில் குழந்தைகளைப் பிடித்துக்கொள்வது அவள் வேலை. கை ஒடிந்த குழந்தையும், ஊக்கை விழுங்கிய குழந்தையும் இருட்டைப் பார்த்ததும் அலறும். அவள் அதை மார்போடு சேர்த்து, கையைக் காலைப் பிடித்துக்கொண்டு, “அந்தா பாரு நெலா, பச்சை நெலா” என்பாள். குழந்தை திரையைப் பார்த்து வாயைப் பிளக்கும். அந்த நிமிஷத்தில் ஐயங்கார் சுவிட்சைப் போடுவார்.

செக்ரட்டரி அறையிலிருந்து வந்த ஐயங்கார் தன் இருட்டறை வாசலில் நின்றார். ஜன்னல் திறந்திருந்தது. ஷரபுன்னிசா வெளிச்சத்தில் உட்கார்ந்து திரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷமும் அவளை இருட்டில்தான் பார்த்திருக்கிறார்.

“ஷரபு, கையைக் காட்டு.”

“எதுக்கு ஐயா?”

“காட்டேன்.”

அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். புறங்கை வழவழவென்று மினுங்கியது. ரோமம் இல்லை. நகங்களில் நெடுக்காகக் கோடு. ஆள்காட்டி விரல் மடிப்பில் ஒரு வெடிப்பு, அதில் மஞ்சள் பூசியிருந்தாள்.

“சோப்புத் தண்ணியில இருக்கிற கைதானே ஐயா. எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் வெடிக்கும்” என்றாள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சுவிட்சைப் போட்டது தன் வலது கை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. “பெருமாளே” என்று ஒரு தடவை சொன்னார். பிறகு, “நாளையிலேர்ந்து நீ இந்த ரூமுக்குள்ள வரப்படாது” என்றார்.

“வேலை போயிடுமே ஐயா. ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்கு.”

“வேலை போகாது. நான் பாத்துக்கறேன்.”

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவருக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து, கால்கூட அலம்பாமல் கமலவல்லியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“எனக்கு ஆனது தெரியாம ஆனது. அவளுக்கு நான் பண்ணியிருக்கேன், கமலம். வா, பிடிச்சுக்கோ, அசையாதேன்னு நான்தான் சொன்னேன். எத்தனை ஆயிரம் தடவை.”

“உங்களுக்கும் தெரியாதே.”

“இப்போ தெரியும். வெளியில சொன்னா செக்ரட்டரி என்னையும் அனுப்பிடுவான், அவளையும் அனுப்பிடுவான். சொல்லாட்டா அவள் கையும் இப்படி ஆகும்.”

கமலவல்லி விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். பிறகு, “சொல்ல வேண்டாம். காட்டுங்கோ” என்றாள்.

“எதை?”

“கையை. எப்படியும் எடுக்கத்தானே போறா. எடுத்ததை அந்தக் கமிட்டிக்காரா கண்ணால பாக்கட்டும். காகிதத்துல எழுதினாத்தானே கஷ்டம் அவாளுக்கு.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஆசாரமான குடும்பத்துப் பெண். வெட்டுண்ட நகத்தைக்கூட மிதிக்காமல் ஒதுங்கிப் போகிறவள். “மண்ணுக்கோ அக்னிக்கோ போக வேண்டியதாச்சேடி” என்றார்.

“போகும். கொஞ்ச நாள் கழிச்சுப் போகட்டும். அதுக்கு அப்புறம் எங்கிட்ட கொடுத்துடணும்னு டாக்டர்கிட்ட சொல்லுங்கோ” என்றாள். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

புரட்டாசியில் ஜுரம் வந்து தள்ளிப்போயிற்று. ஐப்பசி கடைசியில் ஆபரேஷன். அன்று விடியலிலிருந்து மழை. ஐப்பசி வழக்கப்படி பெருமாள் திருமஞ்சனத்துக்குக் காவேரியிலிருந்து தங்கக் குடத்தில் தீர்த்தம் எடுத்து யானைமேல் ஏற்றி வீதியில் போய்க்கொண்டிருந்தார்கள். மேளங்களின் உறைகளெல்லாம் நனைந்திருந்தன. ஜட்காவை ஓரம் நிறுத்தச் சொல்லி ஐயங்கார் இறங்கினார். குடத்தைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்துச் சேவித்தார். கட்டுப்போட்ட கையில் மழை ஊறிற்று. மறுபடி ஏறி உட்கார்ந்ததும், “போகலாம்” என்றார்.

சௌரிராஜன் குடைபிடித்துக்கொண்டு எதிர்ச் சாரியில் நின்றிருந்தார். அவர் ஜட்காவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல ஒரு அடி முன்னால் வைத்தார். ஜட்கா கிளம்பிவிட்டது.

மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் டாக்டரிடம் ஐயங்கார் சொன்னது இது: “கமிட்டி கூடற அன்னிக்குக் காட்டுங்கோ. மெஷினுக்கும் ஓட்டறவாளுக்கும் நடுவுல ஈயத்தகடு போட்ட தடுப்பு வேணும்னு சொல்லுங்கோ. கொழந்தையைப் பிடிச்சுக்கத் தாயார் தகப்பனார் வரட்டும், ஒரு தடவையோட போயிடும். ஆயாம்மா வேண்டாம். அவளுக்கு வெளியில வேலை.”

“நீங்களே வந்து சொல்லலாம் சார்.”

“வரேன். ஒரு வேளை வரலேன்னா.”

வந்தார். பதினோராம் நாள் கமிட்டி கூடியது. ஐயங்கார் அங்கவஸ்திரத்தை இடது தோளில் இழுத்து விட்டுக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அருள்நாதன் கண்ணாடி ஜாடியை மேஜைமேல் வைத்தார். ஸ்பிரிட்டில் வெளுத்துப்போன கை. நகங்கள் ஒடிந்து, விரல்கள் லேசாக மடங்கி, மோதிர விரல் கணுவில் காலிஃபிளவர் பூவைப் போலப் புடைத்த புண்.

ஜவுளிக்கடை முதலாளிகள் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். செக்ரட்டரி சிரிக்கவில்லை.

“இது நம்ம மெஷினாலயா?”

“ஆமாம். மெஷின் கெட்டதுன்னு நான் சொல்லலை” என்றார் ஐயங்கார். “பதினாறு வருஷத்துல எத்தனை எலும்பு கூடியிருக்கு, எத்தனை ஊசி வெளியில வந்திருக்கு. அதுவும் இந்தக் கை பாத்ததுதான். கதிரை மறைச்சு நின்னு ஓட்டணும். அவ்வளவுதான் கேக்கறேன். அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு அவ கையையும் பாருங்கோ. அது இப்போதான் ஆரம்பிச்சிருக்கு.”

ஷரபுன்னிசா வாசலில் நின்றிருந்தாள். முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே வந்து, கையை நீட்டச் சொன்னதும் நீட்டினாள். ஜாடியையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மெட்ராஸிலிருந்து ஈயத்தகடு வந்தது. ஷரபுன்னிசாவைப் பிரசவ வார்டுக்கு மாற்றினார்கள். காகிதம் மட்டும் கடைசிவரை எழுதித் தரவில்லை. அருள்நாதன் தன் சொந்தக் கையெழுத்தில், வெறும் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தார். கமலவல்லி அதை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போகவில்லை. சௌரிராஜன்தான் ஒரு சாயங்காலம் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். போகும்போது, “மன்னார்குடிக்கு மறுபடி எழுதட்டுமா?” என்று கேட்டார். “வேண்டாம்” என்று அடுக்களையிலிருந்து செண்பகவல்லியின் குரல்தான் வந்தது.

ஐயங்கார் அதற்குப் பிறகு இரண்டு வருஷமும் சில மாதங்களும் இருந்தார். மகளைத் திருவெள்ளறையில் கொடுத்ததைப் பார்த்தார். புற்று அக்குளில் கட்டியாக வந்து, நெஞ்சுக்கு இறங்கி, 1941 மாசியில் முடிந்தது. டாக்டர் சொன்ன கணக்கில் கையை எடுக்கவே கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

ஆனால் அந்தக் கார்த்திகையில் அதெல்லாம் யாருக்கும் தெரியாது. கமிட்டி கூடிய நாலாம் நாள் காலை, ஷரபுன்னிசா ஒரு தகர டப்பாவை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்தாள். வாசலிலேயே நின்று, “அம்மா” என்று கூப்பிட்டாள். கமலவல்லி மடிப்புடவையோடு, களைக்கொட்டும் துளசியும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் வடக்கே கொள்ளிடத்துக்கு நடந்தார்கள். வெள்ளம் வடிந்து, மணல் ஈரத்தோடு மேடு மேடாகக் கிடந்தது. நாணலுக்கு இந்தப் பக்கம் யாரும் இல்லை. தூரத்தில் ஒருவன் எருமைகளைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தான்.

“நான் தோண்டறேன்மா” என்றாள் ஷரபுன்னிசா.

“வெடிச்ச கையோடயா? நீ டப்பாவைப் பிடிச்சுக்கோ.”

கமலவல்லி களைக்கொட்டால் முழங்கை ஆழத்துக்குத் தோண்டினாள். ஈரமணல் சரிந்து சரிந்து விழுந்தது. டப்பாவைத் திறந்து, துணியோடு இரண்டு கையிலும் ஏந்தி எடுத்தாள். எத்தனையோ தடவை விளக்கெண்ணெய் தடவிய கை. இலேசாக இருந்தது. திருமந்திரத்தைச் சொல்லி, துளசிதளம் வைத்து, குழியில் இறக்கினாள். மணலைத் தள்ளி மூடி, மேலே பெரிய கல்லாக ஒன்றைத் தேடி வைத்தாள். ஷரபுன்னிசா முக்காட்டுக்குள் உதடு அசைய ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். ஓதி முடியும்வரை கமலவல்லி காத்திருந்தாள்.

பிறகு தண்ணீரில் இறங்கி முழுக்குப் போட்டாள். கரையேறி, ஈரப் புடவை சொட்டச் சொட்ட நின்றபோது ஷரபுன்னிசா ஓரத்தில் குனிந்து கைகழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் பட்டதும் வெடிப்பு எரிந்ததோ என்னவோ, விரலை உதறினாள்.

கமலவல்லி கிட்டே போனாள். குளித்துவிட்டு வந்தவள், மடியாக நிற்கிறவள். ஷரபுன்னிசா பழக்கத்தில் விலகி நின்றாள். கமலவல்லி அவள் வலது கையை எட்டிப் பிடித்து வெயில் பக்கமாகத் திருப்பினாள். ஒவ்வொரு நகமாக, ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தாள்.

“இங்க வலிக்கறதா?”

“இல்லம்மா.”

“இங்க?”

“லேசா.”

“எத்தனை நாளா?”

“எட்டு மாசமா, மொகரத்துலேர்ந்துன்னு நினைக்கிறேன். சொன்னா ஐயா வருத்தப்படுவாருன்னு...”

கமலவல்லி அந்தக் கையை விடவில்லை. “நட. பஸ் ஏறினா பத்து மணிக்குள்ள போயிடலாம், டாக்டர் இருப்பார்” என்றாள்.

“ஈரப் புடவையோடயா அம்மா?”

“வழியில உலர்ந்துடும்” என்று சொல்லி, கரைமேட்டில் முன்னால் ஏறினாள்.